கறுப்புப் பூட்ஸ், வெள்ளைப் பூட்ஸ்

கெமாஸ் ரயில் நிலையத்துக்கு வெளியே அப்பா மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். கால் மட்டும் என்னைக் கவனிக்கவில்லை. இடது குதிகால் வலது காலின் மேற்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கால் மாறியது. காற்சட்டை நீளமாக இருந்ததால் உள்ளே என்னவென்று தெரியவில்லை.

“என்னாப்பா கால்ல?”

“ஒன்னுமில்ல. ஏறு லா, வெயில் அடிக்குது.”

எஸ்டேட்டுக்குப் போகும் சாலையில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே, வண்டியை ஓரம் கட்டி, சங்கிலி சத்தம் போடுகிறது என்று குனிந்தார். சங்கிலி சத்தம் போடவில்லை. அவர் விரல்கள் காற்சட்டைக்குள் புகுந்து, வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து முழங்கை மடிப்பில் கரப்பான் என்ற தோல் அரிப்போடு வளர்ந்தவன் நான். சொறிவதில் இருக்கும் சுகமும், அது முடிந்த மறுகணம் வரும் எரிச்சலும், யாராவது பார்த்துவிட்டார்களா என்ற பயமும் அந்த ஒரு மூச்சில் இருக்கும்.

வீட்டில் அவர் கால் கழுவும்போது பார்த்தேன். இரண்டு கால்களிலும், விரல்களின் மேலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தோல் சிவந்து தடித்திருந்தது. அங்கங்கே பொடிக் கொப்புளங்கள். சொறிந்த இடங்களில் நீர் கசிந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. நான் குனிந்ததும் காலை இழுத்துக்கொண்டார்.

“புத்து,” என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. அவருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

நடந்தது இதுதான். பழைய செம்பனைகளைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடும் நிலத்தில் அப்பாவைப் போட்டிருந்தார்கள். கால்வாய் வெட்டும் வழியில் ஒரு பெரிய புற்று. இயந்திரம் ஓட்டியவர் வெளிநாட்டுக்காரர். அவருக்கு அது வெறும் மண்மேடு. இயந்திரம் மோதித் தள்ளுவதைவிட நாமே மரியாதையாக எடுத்துவிடலாம் என்று அப்பா கும்பிட்டுவிட்டு மண்வெட்டியைப் போட்டார். உள்ளே பாம்பு இல்லை. சட்டை மட்டும் கிடந்தது. அதற்குப் பிறகு சில வாரங்களிலேயே அவர் காலிலும் தோல் உரிய ஆரம்பித்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை, அப்பாவுக்கும்தான். கால் ஆறினால் வரும் திருவிழாவில் தீ மிதிக்கிறேன் என்று ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மண்டோர் வந்தார். அப்பாவின் கூட்டத்துக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர், அப்பாவைவிட இளையவர். வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அட, டாக்டரு வந்துட்டாரு! ஊசி எங்க லா?”

நான் டாக்டர் இல்லை. உயிரியல் படித்துவிட்டு, சிரம்பானில், ராசா என்ற பகுதியில், ஒரு டியூஷன் நிலையத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் என்பதால், லயத்தைப் பொறுத்தவரை டாக்டருக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. அந்தக் கிண்டலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும், ஒரு சவாலும் இருக்கும். படிச்சியே, இப்ப சொல்லு பார்ப்போம்.

மண்டோர் கிண்டலை விட்டுவிட்டு அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, மேனேஜர் கேட்டுட்டாரு. பூட்ஸ் இல்லாம பிளாக்குக்குள்ள யாரையும் விடக் கூடாதாம். திருநா முடியிற வரைக்கும் ஆபீஸ் பக்கம் புல்லு வெட்டுங்க, நா பாத்துக்கறேன். அதுக்கப்புறமும் பூட்ஸு போட முடியலன்னா எனக்கு வழி இல்லண்ணே.”

வேலை போனால் லயத்து வீடும் போகும். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அம்மா தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா கால்களை நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். எதிர்பார்த்தபடி அது இருந்தது: நடுவில் நசுங்கிய, மூடி தொலைந்த டியூப். எங்கள் வீட்டில் தோலில் எது வந்தாலும் அந்த டியூப்தான். கடையில் கேட்டால் யாரும் எதுவும் கேட்காமல் கொடுப்பார்கள். என் முழங்கை மடிப்புக் கரப்பானுக்கும் அதுதான். பள்ளிக் கண்டீனில் நாள் முழுக்கத் தட்டுக் கழுவி, பூண்டு உரித்து வெடித்துப்போன அம்மாவின் விரல்களுக்கும் அதுதான். கவரிங் சங்கிலி போட்டால் கழுத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாற்போல அரிக்கும் அக்காவுக்கும் அதுதான். மூவருக்கும் ஒரே அரிப்பு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். என்னுடையது உடம்போடு பிறந்தது. வறட்சியும் கவலையும் கிளப்பிவிடும். அம்மாவுடையது சோப்பும் தண்ணீரும் தோலின் எண்ணெயைச் சுரண்டிச் சுரண்டி வந்தது. அக்காவுடையது சங்கிலியில் கலந்த உலோகம் சேராததால் வந்தது. இதெல்லாம் எனக்குப் பல்கலைக்கழகத்தில் என் கையைக் காட்டப் போன இடத்தில் மெதுமெதுவாகத் தெரிந்தவை. டியூப்பில் ஸ்டீராய்டு இருந்தது, பூஞ்சைக்கு மருந்து இருந்தது, கிருமிக்கு மருந்தும் இருந்தது. எதற்குப் போட்டாலும் சில நாள் அடங்கும். விட்டால் திரும்பும். மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் வெங்காயச் சருகாக மெலிந்துபோகும்.

“இத போட்டீங்களா?”

“போட்டேன். ஆறிச்சி. பூட்ஸு போட்டு வேலைக்குப் போனேன், திரும்ப வந்துருச்சி.”

பின்வாசலில் அந்தப் பூட்ஸ் நின்றது. கறுப்பு ரப்பர், முழங்காலுக்குக் கீழே வரும் உயரம். எடுத்து வந்து அவர் கால் பக்கத்தில் வைத்தேன். சிவப்பு எங்கே நிற்கிறதோ, அங்கே பூட்ஸின் வாயும் நின்றது. விரல் இடுக்குகளைப் பார்த்தேன். அங்கே தோல் சுத்தமாக இருந்தது. படையாக இருந்தால் பெரும்பாலும் இடுக்கில்தான் குடியேறும். சிரங்காக இருந்தால் பக்கத்தில் படுக்கும் அம்மாவுக்கும் அரித்திருக்கும்.

“அப்பா, இந்த பூட்ஸ் எப்ப குடுத்தாங்க?”

“புது நடவுக்குப் போட்டப்பதான். எல்லாருக்கும் புதுசு குடுத்தாங்க.”

“புத்து வெட்டினது?”

“அதே வாரந்தான்.”

“பாத்தீங்களா! புத்து இல்லப்பா. பூட்ஸு. ரப்பர்ல கலக்குற மருந்து உங்க தோலுக்குச் சேரல.”

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எல்லாருந்தான்டா அதே பூட்ஸு போட்றாங்க. புத்த வெட்டினது நா மட்டுந்தானே?”

யோசித்துப் பார்த்தால் அவர் கணக்கு என் கணக்கைவிட நேராக இருந்தது. “அக்காவுக்கு எறாலு சேருமா? நமக்கெல்லாம் சேருதில்ல?” என்றேன் தட்டுத்தடுமாறி.

“எறாலு வாயில போறது. இது கால்ல,” என்றார். மண்டோர் சிரித்துவிட்டார்.

ஆனாலும் என்னோடு கிளினிக்குக்கு வந்தார். என் பேச்சை நம்பி வரவில்லை. ஒவ்வொரு அறையாக நான் நடந்துகொண்டே இருந்ததைப் பொறுக்க முடியாமல் வந்தார்.

அரசாங்கக் கிளினிக்கில் இளம் மலாய்ப் பெண் டாக்டர். மலாயில் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தார். கொஞ்சம் தோலைச் சுரண்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, பூஞ்சை தெரியவில்லை என்றார். ஒட்டி வரும் நோய் அல்ல, தொடுவதால் தோல் கோபித்துக்கொள்ளும் கரப்பான் மாதிரி இருக்கிறது. மேலே கிருமியும் சேர்ந்திருக்கிறது என்றார். லீவு நாளில் குறைகிறதா என்று கேட்டார். அப்பா யோசித்துவிட்டுத் தலையாட்டினார். எது சேரவில்லை என்று உறுதியாகத் தெரிய, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகில் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகள் ஒட்டிப் பார்ப்பார்கள், எழுதித் தருகிறேன் என்றார். பட்டை ஒட்டியிருக்கும் நாள்களில் முதுகில் தண்ணீர் படக் கூடாது.

அப்பா எழுந்துவிட்டார். “காப்புக் கட்டிட்டு குளிக்காம கோயிலுக்குள்ள போவ முடியுமா?”

தீ மிதிப்பவர்கள் கையில் மஞ்சள் கயிற்றுக் காப்பைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து காலையும் மாலையும் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ஆஸ்பத்திரி தந்த தேதி அந்த விரத நாள்களுக்கு நடுவில் விழுந்தது. வெளியே மோட்டார் நிறுத்துமிடத்தில் நாங்கள் சண்டை போட்டோம். வேலையா சாமியா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் இறுகியது.

“வேல போனா வேற வேல. நேந்துகிட்டு போவாம இருந்தா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிப்பேன்?”

நான் போன் செய்து தேதியைத் திருவிழாவுக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான் உறைத்தது. காப்புக் கட்டினவர் செருப்புக்கூடப் போட மாட்டார். திருவிழா வரைக்கும் வெறுங்கால். ரப்பரே படாது. பட்டை ஒட்டாமலேயே ஒரு சோதனை தானாக நடக்கப்போகிறது.

டாக்டர் கொடுத்தவற்றை வரிசையாக அம்மாவிடம் விளக்கினேன். கிருமிக்கு மாத்திரை. நீர் கசிகிற வரைக்கும் ஊதாப் பொடித் தண்ணீரில் கால் ஊற வைப்பது. சிவப்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஸ்டீராய்டுக் களிம்பு, மெல்லிசாக, சொன்ன நாள் வரைக்கும். மற்றபடி காலை மாலை குளித்த ஈரத்தோடு வெள்ளை எண்ணெய்க் களிம்பு, தாராளமாக.

அம்மா பொடியை அள்ளிப் போட்டார். வாளியில் தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது.

“அம்மா! வெளிர் ரோஸா இருக்கணும்மா. இது தோல பொசுக்கிடும்.”

“கொஞ்சம் போட்டா கொஞ்சந்தானே கேக்கும்?”

“மருந்து ரசம் இல்லம்மா, காரம் ஏத்துறதுக்கு.”

கொட்டிவிட்டு மறுபடி கலந்தோம். அப்பா காலை விட்டார். நகமெல்லாம் பழுப்பேறியதைப் பார்த்து, மருதாணி போட்ட கல்யாணப் பெண்ணைப் போல இருக்கிறது என்றார் அக்கா போன் வீடியோவில். சில நாளில் கசிவு நின்றது. வெள்ளைக் களிம்பில்தான் அடுத்த தடங்கல் வந்தது.

“இதுல மாட்டுக் கொழுப்பு இருக்குமா?” விரதம் இருப்பவர் உடம்பில் எதைப் பூசுகிறோம் என்று அம்மாவுக்குக் கவலை.

கிளினிக் மருந்தகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். இல்லை, பாரஃபின், பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது என்றார்கள். அதை வெற்றியோடு வந்து சொன்னேன்.

“பெட்ரோலா? அத தடவிக்கிட்டா நெருப்புல எறங்கப் போறாரு?”

நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். நெருப்புக்கு அருகில் வைக்காதீர்கள். களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். என் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா தினமும் களிம்புக் காலோடு மடித்து உட்காரும் மஞ்சள் வேட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தீக்குழிக்குள் அவர் கட்டிக்கொண்டு இறங்கப்போவது அதே வேட்டியைத்தான்.

வேலைக்குத் திரும்பிய பிறகு எனக்கு ராசாவில் இருப்புக் கொள்ளவில்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வேட்டி ஞாபகம் வரும். கிளினிக்குக்கு மறுபடி போன் செய்தேன். திருவிழாவுக்கு முந்தின நாளே களிம்பை நிறுத்தி நன்றாகக் கழுவச் சொன்னார்கள்; தோலில் புண் திறந்திருந்தால் இறங்கவே வேண்டாம் என்றார்கள். புது மஞ்சள் வேட்டி வாங்கினேன். அம்மாவைப் போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன், நீர் கசியுதா, வெடிப்பு இருக்கா என்று. “நீயே வந்து நக்கிப் பாரு,” என்று போனை வைத்துவிட்டார் ஒருநாள்.

திருவிழாவன்று போய்ப் பார்த்தேன். கால்கள் ஆறியிருந்தன. சிவப்பு போய் மங்கிய பழுப்புத் தழும்பு மட்டும். வெடிப்பில்லை. சோப்புப் போட்டு நானே கழுவிவிட்டேன், அவர் கூச்சத்தில் நெளிந்தார். பழைய வேட்டியை எடுத்துச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன், யாரும் தவறுதலாக எடுத்துவிடக் கூடாது என்று.

தீக்குழியின் மறுமுனையில், பால் ஊற்றிய பள்ளத்தின் பக்கத்தில் நின்றேன். உறுமி மேளம் என் பல்லில் அதிர்ந்தது. அப்பா முறை வந்ததும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டி ஓரத்தையே பார்த்தேன். அவர் ஓடவில்லை, எப்போதும் நடக்கும் நடைதான். பாலில் கால் வைத்தபோது நான் குனிந்து தண்ணீர் ஊற்றித் துடைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். கரித் துகள் இருந்தது, கொப்புளம் இல்லை.

“ஆத்தா மன்னிச்சிட்டா,” என்றார் மண்டோர் கையெடுத்து. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் மற்ற உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தேன்.

மறுநாள் நான் கொண்டுவந்ததை எடுத்து வைத்தேன். ரப்பர் கலக்காத பிளாஸ்டிக் பூட்ஸ். அதே உயரம். கிடைத்தது வெள்ளை நிறத்தில் மட்டும். கூடவே புதுப் பருத்திக் காலுறைகள். பழைய காலுறையில் ரப்பர் மருந்து ஊறியிருக்கும்.

அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார். “பசார்ல மீன் விக்கிறவன் போட்றது.”

“போடுங்கப்பா.”

“அவதான் மன்னிச்சிட்டாளே. இத போட்டா அவள நம்பலன்னு ஆவுதில்ல?”

“கறுப்ப போட்டா திரும்ப வரும்ப்பா. வந்தா இந்த வாட்டி மண்டோர் பாத்துக்க மாட்டாரு.”

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று எடுத்து வாசலில் சேர்த்து வைத்தார்.

“ஒரு காலுக்கு உம் பேச்சு, ஒரு காலுக்கு அவ பேச்சு. போதுமா?”

அடுத்த நாள் காலைப் பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கும் களத்தில், அப்பா இடது காலில் கறுப்பும் வலது காலில் வெள்ளையுமாக நின்றார். நான் ரயிலுக்குப் போகும் வழியில் வேலி ஓரம் நின்று பார்த்தேன். கூட்டமே அலறிச் சிரித்தது.

“என்னாண்ணே, மீன் வியாவாரம் பாதி நாளா?”

“இன்னொரு கால் வூட்ல தூங்குதா லா?”

மேனேஜரிடம் என்ன சொல்வது என்று மண்டோர் தலையைச் சொறிந்தார். ரெண்டும் பூட்ஸுதானே என்று அப்பா சொன்னதும் ஆள் எண்ணத் தொடங்கினார்.

அந்த வாரம் நான் போன் செய்யவில்லை. செய்தால் கேட்டுவிடுவேன் என்று பயம். சனிக்கிழமை கெமாஸில் இறங்கியபோது அப்பா மோட்டாரில் இருந்தார். வலது கால் தரையில் அசையாமல் ஊன்றியிருந்தது. இடது கால் மோட்டாரின் இரும்பில் தேய்த்துக்கொண்டிருந்தது. காற்சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடது முழங்காலுக்குக் கீழே அதே சிவப்பு, அதே கோடு. வலதில் பழைய தழும்பு மட்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார், சாலையைப் பார்த்துக்கொண்டு. “அவ கோவப்பட்டா ரெண்டு காலுக்குந்தான் கோவப்படுவா. ஒத்தக் காலுக்கு ஓரவஞ்சன பண்ண மாட்டா.”

“அப்ப இன்னொரு வெள்ள?”

“நேத்தே மாத்திட்டேன். கறுப்ப ஆபீஸ்ல திருப்பிக் குடுத்தாச்சி. மண்டோரு மேனேஜருகிட்ட பேசிட்டாரு, ஒசரம் சரியா இருந்தா போதுமாம். முதுகுல பட்ட ஒட்டிக்கிறதுக்கும் வர்றேன், இப்பதான் காப்பு இல்லையே.” கொஞ்சம் நிறுத்தினார். “வெள்ளிக்கெழம புத்து எடத்துல பாலு ஊத்துறது ஊத்துறதுதான். அதுல நீ தலையிடாத.”

“நா எதுக்கு தலையிடறேன்?”

“ஏறு. களிம்பு இன்னும் இருக்கா? இடது காலுக்கு வேணும்.” வண்டியைக் கிளப்பப் போனவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “மொதல்ல உங்கையப் பாருடா. வந்ததுலேருந்து சொறிஞ்சிக்கிட்டே இருக்க.”

குனிந்து பார்த்தேன். என் முழங்கை மடிப்பில் தோல் கிழிந்து, சட்டைக் கையில் ரத்தம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. இவ்வளவு நாளாக அங்கே களிம்பு பூச வேண்டும் என்ற ஞாபகமே எனக்கு வரவில்லை.